கடனே இல்லாத வீடு 800 டாலருக்காக ஏலம் போனது எப்படி? அமெரிக்காவின் 'எச்.ஓ.ஏ.' சங்கங்களும் பலர் தப்பாக நினைக்கும் விஷயங்களும்

டெக்சாஸ் மாநிலம், ஃபிரிஸ்கோ. டல்லாஸ் நகருக்கு வடக்கே, இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் ஊர். அங்கே சுமார் 3 லட்சம் டாலர் மதிப்புள்ள ஒரு வீடு வெறும் 3,500 டாலருக்கு ஏலம் போனது. நம்ம ஊர் கணக்கில், இரண்டரைக் கோடி ரூபாய் வீடு மூன்று லட்சத்துக்குக் கைமாறிய மாதிரி.

அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் எதுவும் கிடையாது. உரிமையாளர் அமெரிக்க ராணுவ கேப்டன். அப்போது ஈராக்கில் பணியில் இருந்தார். பாக்கி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். குடியிருப்போர் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய சுமார் 800 டாலர். சங்கத்திடமிருந்து வந்த கடிதங்கள் பிரிக்கப்படாமலே கிடந்தன. வீடு போய்விட்டது.

2010-ல் இந்தச் செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. பணியில் இருக்கும் ராணுவத்தினருக்கு மத்திய அரசின் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதை வைத்து வழக்கு நடந்து, கடைசியில் சமரசத்தில் வீடு திரும்பக் கிடைத்தது. அந்தப் பாதுகாப்பு இல்லாத சாதாரணக் குடும்பமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. டெக்சாஸ் தன் சட்டத்தை அடுத்த ஆண்டே திருத்தியது.

வீட்டை ஏலம் விட்டது வங்கியோ அரசோ இல்லை, 'ஹோம் ஓனர்ஸ் அசோசியேஷன்', சுருக்கமாக எச்.ஓ.ஏ. அதாவது பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட சங்கங்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன, அவற்றின் கீழ் சுமார் 7.5 கோடிப் பேர் வசிக்கிறார்கள் என்று இந்தத் துறையின் அமைப்பான 'கம்யூனிட்டி அசோசியேஷன்ஸ் இன்ஸ்டிடியூட்' மதிப்பிடுகிறது. அடுக்குமாடிச் சங்கங்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். புதிதாகக் கட்டி விற்கப்படும் தனி வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஐந்தில் நான்கு வீடு ஏதோ ஒரு எச்.ஓ.ஏ.வுக்குள் வருகிறது. அமெரிக்காவில் புது வீடு வாங்கப் போகும் தமிழ்க் குடும்பம் இதைத் தவிர்ப்பது கஷ்டம்.

நம்ம ஊர் பிளாட் அசோசியேஷன் மாதிரிதானே?

பாதி சரி. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிப்ட், மோட்டார், வாட்ச்மேன் செலவுக்காகச் சங்கம் இருக்கும். அமெரிக்காவில் தனித்தனியாக நிற்கும் வீடுகளுக்கும் சங்கம் உண்டு என்பதுதான் முதல் வித்தியாசம். சுவர் நம்முடையது, கூரை நம்முடையது, முன்னால் இருக்கும் புல்தரையும் நம்முடையது. ஆனால் அந்தப் புல் எவ்வளவு உயரம் வளரலாம், கதவுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்பதைச் சங்கத்தின் விதி சொல்லும்.

எப்படி வந்தது இது? ஒரு பில்டர் நூற்றுக்கணக்கான ஏக்கரை வாங்கி மனை பிரிக்கிறார். உள்ளே சாலை, பூங்கா, நீச்சல் குளம், மழைநீர் சேரும் குட்டை எல்லாம் வருகிறது. இதையெல்லாம் யார் பராமரிப்பது? உள்ளாட்சி நிர்வாகம் ஏற்றுக்கொண்டால் செலவு. சங்கத்தின் தலையில் கட்டிவிட்டால் செலவு மிச்சம், சொத்து வரியும் வழக்கம்போல வந்துவிடும். பல ஊர்களில் உள்ளாட்சிகளே சங்கம் அமைப்பதை நிபந்தனையாக வைக்க இதுதான் காரணம். எச்.ஓ.ஏ. என்பது நாலு பேர் கூடி ஆசைப்பட்டு ஆரம்பித்த கிளப் அல்ல.

முதல் வீட்டை விற்பதற்கு முன்பே பில்டர் ஒரு நீண்ட பத்திரத்தைக் கவுன்டி அலுவலகத்தில் பதிவு செய்துவிடுவார். 'டிக்ளரேஷன்' அல்லது 'சி.சி. அண்ட் ஆர்' என்பார்கள். சங்கத்துக்கான மொத்த அதிகாரமும் இந்தப் பத்திரத்தில்தான் இருக்கிறது.

"நான் எதிலும் கையெழுத்தே போடலையே?"

போட வேண்டியதில்லை. அந்தப் பத்திரம் ஆளோடு ஒட்டியது அல்ல, நிலத்தோடு ஒட்டியது. வீட்டை வாங்கும்போதே உறுப்பினர் ஆகிவிடுவீர்கள். படித்தேன், படிக்கவில்லை என்பது கணக்கில் வராது. "எனக்கு இந்தச் சங்கம் வேண்டாம், ராஜினாமா" என்றும் சொல்ல முடியாது. விலக வேண்டுமானால் வீட்டை விற்க வேண்டும்.

நீதிமன்றங்களும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. கலிஃபோர்னியாவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மூன்று பூனைகள் வளர்த்த பெண்ணுக்குச் சங்கம் அபராதம் போட்டது. பூனைகள் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, சத்தமும் இல்லை என்று அவர் வாதாடினார். 1994-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பதிவு செய்யப்பட்ட பத்திரத்தில் உள்ள தடை நியாயமானது என்றே கருதப்படும், அது சரியில்லை என்று நிரூபிப்பது எதிர்ப்பவரின் பொறுப்பு என்பது தீர்ப்பின் சாரம். சில ஆண்டுகள் கழித்து, குறைந்தது ஒரு செல்லப்பிராணியையாவது அனுமதிக்க வேண்டும் என்று அம்மாநிலச் சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டது. ஆனால் அது அதற்குப் பிறகு போடப்பட்ட அல்லது திருத்தப்பட்ட பத்திரங்களுக்குத்தான்.

இந்தப் பத்திரங்களுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் கறுப்பினத்தவருக்கும், பல இடங்களில் ஆசியர்களுக்கும் வீடு விற்கக் கூடாது என்ற தடையை இதே வழியில்தான் எழுதி வைத்தார்கள். 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்றது. 1968-ன் நியாய வீட்டு வசதிச் சட்டம் இனப் பாகுபாட்டையே தடை செய்தது. பழைய பத்திரங்கள் சிலவற்றில் அந்த வரிகள் செல்லாத எழுத்துகளாக இன்னும் கிடக்கின்றன.

அப்போ இது குட்டி அரசாங்கமா?

வரி மாதிரி கட்டணம், தேர்தல், அபராதம், சாலைப் பராமரிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் பஞ்சாயத்து மாதிரிதான் தெரியும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பெரும்பாலான எச்.ஓ.ஏ.க்கள் லாப நோக்கமற்ற தனியார் நிறுவனங்களாகப் பதிவானவை. அரசியலமைப்பு தரும் பேச்சுரிமை அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் சங்கத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது.

இதற்கு நியூ ஜெர்சியே நல்ல உதாரணம். ட்வின் ரிவர்ஸ் என்ற, சுமார் 10,000 பேர் வசிக்கும் குடியிருப்பில் அரசியல் பதாகை வைப்பதற்குச் சங்கம் கட்டுப்பாடு போட்டது. மொத்தத் தடை இல்லை. எத்தனை வைக்கலாம், எங்கே வைக்கலாம் என்ற வரையறைதான். 2007-ல் மாநில உச்ச நீதிமன்றம் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2012-ல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் வேறு மாதிரி சொன்னது. பார்சிபனி நகர சபைத் தேர்தலில் நின்ற ஒருவர் தன் வீட்டு ஜன்னலிலும் கதவிலும் தன் பிரசார அட்டையை வைத்திருந்தார். 'விற்பனைக்கு' என்ற போர்டைத் தவிர வேறு எதுவும் கூடாது என்பது அவருடைய சங்கத்தின் விதி. வரையறுக்கலாம், அடியோடு தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். இது நியூ ஜெர்சி நிலைமை. மற்ற மாநிலங்களில் வீட்டுக்காரருக்கு இந்த அளவு பேச்சுரிமைப் பாதுகாப்புகூட இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சரி, யார் நடத்துகிறார்கள்?

இங்கேதான் குழப்பம் அதிகம். கடிதம் அனுப்புவது, புல் உயரத்தைப் பார்த்துப் படம் எடுப்பது, போன் எடுப்பது எல்லாம் 'மேனேஜ்மென்ட் கம்பெனி'. அதையே பலர் எச்.ஓ.ஏ. என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஒப்பந்ததாரர். முடிவெடுக்கும் அதிகாரம் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் போர்டிடம். மூன்று, ஐந்து, ஏழு பேர் என்று இருப்பார்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது, ஆபீஸ் முடிந்து வந்து மினிட்ஸ் எழுதுகிறவர்கள்.

புதுக் குடியிருப்பில் அந்தப் போர்டும் வீட்டுக்காரர்கள் கையில் இருக்காது. விற்காத மனைகளின் ஓட்டு பில்டரிடம் இருக்கும், சில இடங்களில் ஒரு மனைக்குப் பல ஓட்டு என்றே எழுதிவைத்திருப்பார். ஃப்ளோரிடா சட்டப்படி, 90 சதவீத மனைகள் விற்று மூன்று மாதம் ஆன பிறகுதான் போர்டின் பெரும்பான்மை கட்டாயமாக வீட்டுக்காரர்களிடம் வரும். அதுவரை கட்டணத்தை நிர்ணயிப்பது, காண்ட்ராக்ட் கொடுப்பது எல்லாம் பில்டரின் ஆட்கள். புது வீடுகளில் முதல் சில வருடம் கட்டணம் குறைவாக இருக்கும். அதைப் பார்த்து வாங்கியவர்கள், நிர்வாகம் கைக்கு வந்ததும் கட்டணம் ஏறுவதைப் பார்த்துப் புது போர்டைத் திட்டுவார்கள். பாவம், அந்த போர்டு அப்போதுதான் உண்மைக் கணக்கையே பார்த்திருக்கும்.

போர்டு நினைத்ததை எல்லாம் செய்துவிட முடியுமா என்றால், அதுவும் இல்லை. மேலே மத்திய சட்டம், அதன் கீழே மாநிலச் சட்டம், அதன் கீழே பதிவான பத்திரம், அப்புறம் பைலா, கடைசியில்தான் போர்டு போடும் விதிகள். கீழே இருப்பது மேலே இருப்பதை மீற முடியாது. நீச்சல் குளம் எத்தனை மணிக்கு மூடும் என்பதை போர்டு மாற்றலாம். பத்திரத்தையே மாற்ற உறுப்பினர்கள் ஓட்டுப் போட வேண்டும். டெக்சாஸில் மொத்த ஓட்டுகளில் 67 சதவீதம், பத்திரம் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அந்த அளவு. வந்தவர்களில் 67 சதவீதம் இல்லை, மொத்த வீடுகளில்.

எரிச்சலூட்டும் ஒரு பழைய விதியை மாற்றப் பெரும்பாலோருக்கு விருப்பம் இருக்கும். ஆனால் ஓட்டுப் போட ஆள் வராது. கலிஃபோர்னியாவில் சங்கத் தேர்தலுக்கே கோரம் சேராமல் கூட்டம் கலைவது வாடிக்கையாகி, கடைசியில் ஒத்திவைத்த கூட்டத்துக்கு 20 சதவீதம் வந்தால் போதும் என்று 2024 முதல் சட்டத்தையே தளர்த்த வேண்டியிருந்தது. 'நாலு பேர் சர்வாதிகாரம் பண்றாங்க' என்ற புகாரின் மறுபக்கம் இதுதான். மீதி நாற்காலிகள் காலி.

தோரணம் கட்டலாமா, டிஷ் வைக்கலாமா?

சங்கத்தால் தொட முடியாத விஷயங்களும் உண்டு. ஒரு மீட்டர் வரை குறுக்களவுள்ள டிஷ் ஆண்டெனாவை வீட்டுக்காரர் தன் தனிப்பட்ட இடத்தில் வைப்பதைத் தடுக்க முடியாது, இது 1996-லிருந்து மத்திய விதி. அமெரிக்கக் கொடி ஏற்றுவதையும் தடுக்க முடியாது, அதற்கு 2006-ல் தனிச் சட்டமே வந்தது. தண்ணீர்ப் பஞ்சம் வந்த 2014-ல், வறட்சி நெருக்கடி காலத்தில் புல்லுக்குத் தண்ணீர் விடாததற்கு அபராதம் போடக் கூடாது என்று கலிஃபோர்னியா சொன்னது. ஃப்ளோரிடா 2024-ல் இன்னும் கீழே இறங்கி, குப்பை வண்டி வருவதற்கு முன்பும் பின்பும் 24 மணி நேரத்துக்குள் குப்பைத்தொட்டி தெருவோரம் இருந்தால் அபராதம் கிடையாது என்று எழுதியது. குப்பைத்தொட்டிக்கெல்லாம் மாநிலச் சட்டமா என்று சிரிக்கலாம். அந்த அளவுக்குப் புகார் குவிந்திருந்தது.

வாசலில் மாவிலைத் தோரணம்? டெக்சாஸில் முன்பு மத அடையாளம் வாசல் கதவில் மட்டும், 25 சதுர அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்ற எல்லை இருந்தது. 2021-ல் அது நீக்கப்பட்டது. மத நம்பிக்கையின் காரணமாக வீட்டிலோ தன் மனையிலோ வைக்கும் பொருளைச் சங்கம் பொதுவாகத் தடுக்க முடியாது. பாதுகாப்புக்கு ஆபத்து, பொது இடத்தில் வைத்தது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. இதுவும் டெக்சாஸுக்குத்தான். வேறு மாநிலத்தில் வசிப்பவர்கள் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

ரொம்ப ஆபத்தான தப்புக் கணக்கு

அபராதம் வேறு, கட்டணம் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் மாட்டுகிறார்கள்.

புல் வெட்டவில்லை என்று போடுவது அபராதம். அதற்கு நோட்டீஸ் தர வேண்டும், விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், தொகைக்கும் பல மாநிலங்களில் வரம்பு வந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் 2025 ஜூலை முதல், உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ பாதிப்பு இல்லாத மீறலுக்கு 100 டாலருக்கு மேல் கிடையாது. டெக்சாஸில் அபராதப் பாக்கிக்காக மட்டும் வீட்டை ஏலம் விட முடியாது.

மாதமோ வருடமோ கட்டும் பராமரிப்புக் கட்டணத்தின் கதை வேறு. அது பாக்கி விழுந்தால் வீட்டின் மீதே 'லீன்' விழும், அதாவது கடன் பிடிமானம். வட்டி, வக்கீல் செலவு எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். கடைசிக் கட்டம் ஏலம்.

போர்டோடு சண்டை வந்தால் "குளத்தைச் சரி பண்ற வரைக்கும் காசு கட்ட மாட்டேன்" என்று நிறுத்துவது நம்மவர்களுக்கு இயல்பாக வரும். வீட்டு ஓனரோடு வாடகையில் பேரம் பேசிய பழக்கம். எச்.ஓ.ஏ.யில் அது எதிரியின் கையில் கத்தியைக் கொடுப்பது மாதிரி. சங்கம் தன் கடமையைச் செய்யவில்லை என்பது கட்டணம் கட்டாததற்குப் பொதுவாக ஒரு காரணமாக ஏற்கப்படாது. கட்டிவிட்டுத்தான் சண்டை போட வேண்டும்.

கட்டவே முடியாத நிலை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் தப்பு. டெக்சாஸில் 14-க்கு மேல் மனைகள் உள்ள சங்கம், பாக்கியைத் தவணையில் கட்ட வாய்ப்புத் தந்தே ஆக வேண்டும். ஏலமே போனாலும், அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து 180 நாளுக்குள் பாக்கியையும் செலவையும் கட்டி வீட்டை மீட்கலாம். கலிஃபோர்னியாவில் கட்டணப் பாக்கி 1,800 டாலரைத் தொட வேண்டும், இல்லையென்றால் 12 மாதத்துக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். அதற்கு முன் ஏலத்துக்குப் போக முடியாது. இந்த உரிமைகளைச் சொல்வதெல்லாம் அந்தக் கடிதங்களில்தான் வரும். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

கட்டணம் குறைவு என்றால் நல்ல சங்கமா?

2021 ஜூன் 24 அதிகாலை. மயாமி அருகே சர்ஃப்சைடில் 'சாம்ப்லைன் டவர்ஸ் சவுத்' என்ற 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 98 பேர் இறந்தார்கள். இது தனி வீட்டுச் சங்கம் அல்ல, காண்டோ சங்கம். ஃப்ளோரிடாவில் இதற்குத் தனிச் சட்டம். ஆனால் நிர்வாக முறை அதேதான், அண்டை வீட்டார் தேர்ந்தெடுத்த போர்டு.

2018-லேயே பொறியாளர் அறிக்கை கான்கிரீட்டில் பெரிய சேதம் இருப்பதைச் சொல்லியிருந்தது. பழுது பார்க்கச் சேர்த்துவைத்த ரிசர்வ் நிதி போதவில்லை. யார் எவ்வளவு தருவது என்று வருடக்கணக்கில் தகராறு. 2021 ஏப்ரலில் ஒருவழியாக 1.5 கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு முடிவானது. ஒரு பெட்ரூம் வீட்டுக்கே சுமார் 80,000 டாலர். அந்தப் பணம் வரத் தொடங்க வேண்டிய நாள் ஜூலை 1. கட்டடம் அதற்கு ஒரு வாரம் முன்பே விழுந்தது. பழுதைத் தள்ளிப்போட்டதுதான் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. கட்டிய காலத்து வடிவமைப்பிலேயே பலவீனம் இருந்ததை விசாரணையும் சுட்டிக்காட்டியிருக்கிறது. ஆனால் பணம் கேட்க பயப்படும் போர்டும், கேட்டால் எகிறும் வீட்டுக்காரர்களும் சேர்ந்தால் எத்தனை வருடம் வீணாகும் என்பது அங்கே தெரிந்தது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள காண்டோக்கள் கட்டடப் பழுதுக்கான ரிசர்வ் நிதியை ஓட்டுப் போட்டுத் தள்ளுபடி செய்துகொள்ளும் பழக்கத்துக்கு ஃப்ளோரிடா பிறகு முற்றுப்புள்ளி வைத்தது. அதன் விளைவாகப் பல இடங்களில் மாதக் கட்டணம் எகிறி, ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் திண்டாடுகிறார்கள். 2025-ல் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தவும் வேண்டியிருந்தது.

கட்டணம் அதிகம் என்றால் நல்ல நிர்வாகம் என்றும் அர்த்தமில்லை. அதே மயாமி-டேட் பகுதியில் 6,500-க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட 'தி ஹம்மாக்ஸ்' சங்கத்தில் 2022 நவம்பரில் முன்னாள், அப்போதைய நிர்வாகிகள் உட்பட ஐந்து பேர் கைதானார்கள். உறுப்பினர்கள் பணத்தில் 20 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டியதாக அரசுத் தரப்பு குற்றம்சாட்டியது. கணக்கு கேட்டுப் பல வருடம் அலைந்தவர்கள் அங்கே வசித்தவர்கள்தான். அதன் தொடர்ச்சியாக வந்த 2024 சட்டம், போர்டு உறுப்பினர்களுக்கு வருடாந்திரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. சிறிய சங்கம் என்றால் 4 மணி நேரம், 2,500 மனைகளும் அதற்கு மேலும் என்றால் 8 மணி நேரம்.

வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

நீச்சல் குளத்தைப் பார்ப்பவர்கள் மினிட்ஸ் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. கடந்த ஓராண்டு போர்டு கூட்டக் குறிப்புகளைப் படித்தால், எந்தப் பழுது தள்ளிப்போகிறது, யார் மேல் வழக்கு நடக்கிறது, சிறப்பு வசூல் வரப் போகிறதா என்பது தெரிந்துவிடும். அதோடு ரிசர்வ் நிதி எவ்வளவு, பில்டர் இன்னும் நிர்வாகத்தில் இருக்கிறாரா, வீட்டை வாடகைக்கு விட அனுமதி உண்டா என்றும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி விசாவில் இருப்பவர்களுக்கு முக்கியம். திடீரென இந்தியா திரும்ப வேண்டி வந்து, வீட்டை வாடகைக்கு விடலாம் என்று நினைக்கும்போது, பத்திரத்தில் தடை இருந்தால் விற்பது ஒன்றே வழி.

டெக்சாஸில் விற்பவர் தரப்பிலிருந்து 'ரீசேல் சர்டிபிகேட்' கேட்டு வாங்கலாம். அந்த வீட்டின் பாக்கி, விதிமீறல், சங்கத்தின் ரிசர்வ், நிலுவையில் உள்ள வழக்கு எல்லாம் அதில் இருக்கும். இதற்குச் சங்கம் 375 டாலருக்கு மேல் வசூலிக்கக் கூடாது. 60 மனைகளுக்குக் குறையாத சங்கங்கள் தங்கள் பத்திரங்களை இணையதளத்தில் வைக்க வேண்டும் என்பதும் 2021-லிருந்து கட்டாயம். வழக்கமான போர்டு கூட்டத்துக்கு 144 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும், வீட்டுக்காரர்கள் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். மேனேஜ்மென்ட் கம்பெனி யார், எந்த முகவரிக்குக் கட்டணம் அனுப்ப வேண்டும் என்பதை டெக்சாஸ் ரியல் எஸ்டேட் ஆணையத்தின் பொதுத் தளத்தில் சங்கத்தின் பெயரைப் போட்டுத் தேடினாலே பார்த்துவிடலாம்.